இவங்களை நடக்க வைங்க

என் வீட்டுக்காரர் ஷூ லேஸ் கட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். ஒரு முடிச்சு போடுவார். அதையே பார்ப்பார். பிடிக்காது. அவிழ்த்து மறுபடி போடுவார். நான் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றுகொண்டிருப்பேன்.

"ஏங்க, பொண்ணு பார்க்கவா போறோம்? மாட்டிக்கிட்டு வாங்க."

"வரேம்மா, வரேன்."

"நீங்க வரேன் வரேன்னு சொல்ற நேரத்துல போயிட்டே திரும்பி வந்திருக்கலாம்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற மனிதர். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒருநாள்கூட அவர் படியேறி வந்தது கிடையாது. படியில் ஏறினால் செய்யும் தொழிலுக்குத் துரோகம் என்று ஒரு நியாயம் வேறு வைத்திருந்தார். அப்பேர்ப்பட்டவரைத் தினமும் காலையில் படி வழியாக இறக்கித் தெருத் தெருவாக நடத்திக் கூட்டிப்போனேன் என்றால் அது எனக்குப் பொழுது போகாமல் இல்லை. பயம். அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று டாக்டர் வாயாலேயே கேட்டிருந்தேன்.

அவர் கம்பெனியில் ஐம்பதைத் தாண்டியவர்களை வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வீட்டுக்காரியையும் கூட்டிப்போகலாம். காசா, பணமா என்று நானும் போனேன். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர். சின்ன வயது, கண்ணாடி, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காத ரகம். இரண்டு பேரிடமும் தனித்தனியாக என்னென்னவோ கேட்டார். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். எனக்கு ஒன்றிரண்டு வார்த்தை விட்டுப்போனது. காலையிலிருந்து வெறும் வயிற்றில் உட்கார வைத்திருந்தால் யாருக்குத்தான் வரும்?

பிறகு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "இவங்களுக்கு ஞாபகம் லேசா தடுமாற ஆரம்பிச்சிருக்கு. இப்பவே பயப்பட வேண்டாம். ஆனா தினமும் இவங்களை நடக்க வைங்க. வேகமா, விடாம. நடந்தா மூளைக்கு ரத்தம் நல்லா ஓடும், தூக்கம் வரும், பிரஷர் அடங்கும். ஞாபகத்துக்கு இது எல்லாமே நல்லது. பேச்சு கொடுத்துக்கிட்டே நடந்தா இன்னும் நல்லது."

கல்யாணமான நாளிலிருந்து நான் என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே இருந்தால் 'ஏங்க', அடுத்தவரிடம் சொல்லும்போது 'இவங்க'. இவங்களுக்குக் காப்பி ஆறக்கூடாது, இவங்களுக்குக் கூட்டம் ஆகாது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு ஆள்தான். டாக்டர் 'இவங்க' என்றதும் நான் சட்டென்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பார்த்துக்கிறேன் டாக்டர்," என்றேன். "நடக்க வைக்காம விடமாட்டேன்."

டாக்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்க வந்தவர் மூடிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டாள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்பேன். அடுப்பை அணைத்தாரா என்று போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து மறுபடி போய்ப் பார்ப்பேன். அவர் குடையை மறந்துவிட்டு வேலைக்குப் போனால் அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இந்த மனுஷன் ஒருநாள் என்னையே யாரென்று கேட்பாரோ என்று நினைத்தாலே அழுகையும் வரும், கோபமும் வரும். எனக்கு இரண்டும் ஒரே குழாயில்தான் வரும்.

அதனால் நடந்தோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்து, பஸ் டிப்போவின் நீளச் சுவர், பேக்கரி, பள்ளிக்கூடத்து இரும்பு கேட், கால்வாய்ப் பாலம். பாலத்தில் ஏறி இறங்கித் திரும்பினால் மறுபடி பேக்கரி. முதல் வாரம் பாலத்துக்கு முன்னாலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கும்தான். காட்டிக்கொள்ளவில்லை.

பேச்சு கொடுக்கச் சொன்னாரே டாக்டர், அதையும் நான் விடவில்லை. போலீஸ்காரி மாதிரி விசாரிப்பேன்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?"

"ரொட்டியும் முட்டையும்."

"அய்யய்ய! ரொட்டி முந்தாநாள். நேத்து சாதம்தானே?"

அவர் இரண்டு எட்டு வைப்பார். "ஆமாமா. சாதம்தான்."

"நம்ம பொண்ணு கடைசியா என்னைக்கு போன் பண்ணா?"

"ஞாயித்துக்கிழமை."

"சனிக்கிழமைங்க! கடையில நம்ம பட்டன் பொண்ணுக்குச் சம்பளம் கொடுத்துக்கிட்டு இருந்தேனே, அப்ப."

"ஆமாமா. சனிதான்."

பார்த்தீர்களா? கேட்கிற பத்தில் நாலு தப்பு. சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிற அந்த 'ஆமாமா' இருக்கிறதே, அதுதான் என்னைக் கொன்றது. ஒருகாலத்தில் சுவரில் ஆணி எங்கே அடிப்பது என்பதற்கே அரைநாள் வாதாடிய ஆள் அவர். இப்படி மண்ணு மாதிரி ஒத்துக்கொண்டால் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் இன்னும் வேகமாக நடப்பேன். "எட்டி வைங்க, எட்டி வைங்க," என்று அதட்டுவேன்.

அவருக்கு இந்த நடை என்ன செய்ததோ தெரியாது, எனக்குச் செய்தது. படுத்தால் தூங்கினேன். நடுவில் விழித்து விட்டத்தைப் பார்க்கும் பழக்கம் போனது. நாக்கு நுனியில் வந்து நின்று மானத்தை வாங்கும் சொற்கள், வாடிக்கையாளர் பெயர்கள், கொஞ்சம் ஒழுங்காக வெளியே வந்தன. காலை பத்து மணி வரைக்கும் நான் யாரையும் திட்டுவதில்லை என்று பட்டனே சொன்னாள்.

பட்டன் என்று நான் கூப்பிடுகிறவள் என் கடையில் வேலை செய்கிறவள். ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரு தையல் கடை என்னுடையது. புதுத் துணி தைப்பதில்லை. இருப்பதைப் பிரித்து, குறைத்து, கூட்டித் தருகிற வேலை. பட்டன் தைப்பது, காஜா போடுவது, இஸ்திரி எல்லாம் அவள். அளவு எடுப்பதும் வெட்டுவதும் நான். கத்திரியை வேறு யாரும் தொடக்கூடாது. இஞ்ச் டேப்பைப் பிடித்தேன் என்றால் தோள், கை, இடுப்பு எல்லாம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதிவைப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்தக் கத்திரி கையில் இருக்கிறவரைக்கும்தான் நான் ஒரு ஆள். அது போனால் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற ஜன்மம் நான் இல்லை.

இவரை நினைத்தே கவலைப்பட்டதில் கடையிலும் புத்தி சிதறியது. ஒரு வக்கீலின் கோட்டு. கை நீளம் குறைக்கக் கொடுத்திருந்தார். வந்து போட்டுப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் ஏறி நின்றது. பள்ளிக்கூடப் பையன் அண்ணன் கோட்டைப் போட்டால் தொங்கும், தம்பி கோட்டைப் போட்டால் ஏறும். இது தம்பி கோட்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஏண்டி, அளவை என்னடி சொன்ன எனக்கு?" என்று பட்டன் மேல் பாய்ந்தேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆமாக்கா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

கையில் ஒரு பட்டி வைத்துத் தைத்து, அதுதான் இப்போது நாகரிகம் என்று வக்கீலை நம்பவைத்து அனுப்பியதும் அவள்தான். நான் அவளை மன்னித்துவிட்டேன். பெருந்தன்மை!

மறுபடி பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்த நாள் வந்தது. அதே டாக்டர், அதே கண்ணாடி. இந்தத் தடவையும் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுச் சேர்த்து உட்காரவைத்தார். ஒரே வித்தியாசம், கம்ப்யூட்டரைத் தள்ளிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படிம்மா போகுது? நடை எல்லாம்?"

"இவங்க நல்லா நடக்குறாங்க டாக்டர். மழையிலகூட விடல. ஆனா கேட்டா தப்புத் தப்பாத்தான் சொல்றாங்க."

"நான் உங்க நடையைக் கேட்டேம்மா."

"நானும் கூடத்தான் போறேன். நான் இல்லாம இவங்க எங்க போவாங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், நீங்க இன்னும் சொல்லலையா?" என்றார்.

இவர் தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்லல?" என்றேன்.

"அன்னைக்கு நான் 'இவங்க'ன்னு சொன்னது உங்களைத்தாம்மா. சார்கிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். சாரைச் சொல்றதா இருந்தா 'இவரு'ன்னு சொல்லியிருப்பேனே."

டாக்டர் தொடர்ந்து பேசினார். நல்ல செய்திதான் சொன்னார். அப்போது இருந்ததை விட மோசமாகவில்லை. ஒன்றிரண்டு விஷயத்தில் போன தடவையை விட நன்றாகவே செய்திருக்கிறேன். பிரஷர் இறங்கியிருக்கிறது. நடை மந்திரம் இல்லை, போனதெல்லாம் திரும்பி வரும் என்று அவரால் சொல்ல முடியாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழியும் அவருக்குத் தெரியாது. அதனால் விட்டுவிடாதீர்கள் என்றார். என் காதில் எல்லாம் விழுந்தது. எதுவும் உள்ளே போகவில்லை. உள்ளே ஒரே ஒரு சத்தம்தான்: ஆமாமா, ஆமாமா, ஆமாமா.

ரொட்டிதான் சாப்பிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதான் பொண்ணு போன் பண்ணியிருக்கிறாள். பட்டன் அளவைத் தப்பாகச் சொல்லவே இல்லை. அளவு எடுத்ததே நான். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. நான் திருத்தின ஒவ்வொன்றும் தப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். "இரும்மா. கொஞ்சம் இரு." சிக்னலில் வண்டிகள் நின்றன; நான் நிற்கவில்லை. யாரோ ஹாரன் அடித்தார்கள். "போடா!" என்று கத்தினேன். டாக்டரையா, வண்டிக்காரனையா, எனக்கே தெரியாது.

கடைசியில் ஒரு டயர் கடை வாசலில் மூச்சு முட்டி நின்றேன்.

"இத்தனை மாசம் ஊமைக்கோட்டான் மாதிரி கூடவே நடந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாது? என் காதுல பூ சுத்தியிருக்கீங்க எல்லாரும் சேர்ந்து. அவளும்தானே? பட்டனும்தானே?"

"நான்தான் அவகிட்ட சொன்னேன். கோட்டு விஷயத்துக்கு அப்புறம் அவளே வந்து கேட்டா."

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

அவருக்கும் மூச்சு வாங்கியது. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "உனக்கு ஞாபகம் தடுமாறுது, நடன்னு சொல்லியிருந்தா நீ நடந்திருப்பியா? டாக்டரை நாலு திட்டுத் திட்டிட்டு வீட்ல உட்கார்ந்திருப்ப. எனக்குன்னதும் மறுநாளே ஷூவை எடுத்து வச்ச. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டது எனக்கு நல்லதாப் போச்சு. நான் பொய் சொல்லல. வாயைத் திறக்கல, அவ்வளவுதான்."

டயர் கடைக்காரர் எங்களுக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னது நிஜம். அதனால்தான் எனக்கு அவரை அந்த இடத்திலேயே அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் நான் நடக்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும். அவர் காலையில் ஷூவை மாட்டி, லேஸைக் கட்டி, வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவேன். கடையில் கத்திரியைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தால் துணியை விட்டு எதையோ வெட்டிவிடுவேனோ என்று ஒரு எண்ணம். எடுத்து வைத்தேன், எடுத்து வைத்தேன். பட்டன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, திட்டணும்னா திட்டிடுங்க. இப்படி இருக்காதீங்க."

"உன்னைத் திட்டி என்னடி ஆகப்போகுது? தலைதான் எனக்குச் சரியில்லையே."

"தலைதான் அப்படி. வாய் நல்லாத்தான் இருக்கு," என்றாள். சிரித்துத் தொலைத்துவிட்டேன். சிரித்த கையோடு அழுகையும் வந்தது. அவள் தோளில் சாய்ந்து, இஸ்திரிப் பெட்டி காய்ந்துகொண்டிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். பயமா இருக்குடி, ரொம்ப பயமா இருக்கு என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னேன். அளவு நான் எடுப்பேன். எடுக்க எடுக்கச் சத்தமாகச் சொல்வேன். அவள் அந்தத் துணியிலேயே உள்பக்கம் சாக்கால் எழுதவேண்டும். வெட்டும்முன் அவள் வாசிக்க வேண்டும். வெட்டுவது நான். கற்றுக்குட்டி வேலைதான். இருக்கட்டுமே. அன்று ஒரு பேன்ட் வெட்டினேன், சரியாக வந்தது.

வேடிக்கை என்னவென்றால், நடக்காத அந்த நாட்களில் தூக்கம் போய்விட்டது. கால் சும்மா இருக்க மாட்டேன் என்றது. கட்டிலில் படுத்தால் தானாக உதறியது. மூன்றாம் நாள் காலை விடிந்தும் விடியாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். டிப்போ சுவர் பாதி தாண்டினதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். இவர். ஒரு ஷூவில் லேஸ் கட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"திருடன் மாதிரி பின்னாடி வராதீங்க. வர்றதா இருந்தா பக்கத்துல வாங்க."

வந்தார்.

"ஒண்ணு சொல்றேன். இனிமே நான் தப்பா சொன்னா தப்புன்னு சொல்லணும். முகத்துக்கு நேரா. ஆமாமா போட்டீங்க, அன்னையோட நான் நடக்கிறதை விட்டுடுவேன்."

"சரிம்மா."

பேக்கரி தாண்டும்வரை பொறுத்தேன். பிறகு சாதாரணமாகக் கேட்டேன்: "நம்ம கல்யாணத்தன்னைக்கு என்னா மழை, இல்லங்க?"

"ஆமாமா. நல்ல மழை."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "பொய்! மண்டை பிளக்கிற வெயில். உங்க சட்டையெல்லாம் வேர்வை. நான் வேணும்னேதான் கேட்டேன்."

அவர் முகம் கோணிப்போனது. இத்தனை வருஷத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை. "சொல்ல வரமாட்டேங்குதும்மா," என்றார். "தப்புன்னு உன்கிட்ட சொன்னா அது நிஜமாயிடும். ஆமாமான்னு சொல்லிட்டா, மறந்தது நான்தான்னு ஒரு நாளை ஓட்டிடலாம். எனக்கு அதுதான் சுலபமா இருந்துச்சு."

எனக்கு எவ்வளவு பயமோ அவ்வளவும் அவருக்கும் இருந்திருக்கிறது. தினமும் என் பக்கத்தில் நடந்த மனிதர் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். நான் அவரை எட்டி வைக்கச் சொல்லி அதட்டியிருக்கிறேன். குனிந்து அவர் லேஸைக் கட்டிவிட்டேன். ஒரே முடிச்சு.

"எனக்கு நிஜம் தெரியணுங்க," என்றேன். "எது போச்சு, எது இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இருக்கிறதை நான் பிடிச்சுக்க முடியும். நீங்க பொத்திப் பொத்தி வச்சா நான் எதைப் பிடிக்கிறது?"

அவர் தலையை ஆட்டினார். மறுபடி நடந்தோம். கேட்டைத் தாண்டினோம், பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. கால்வாயில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு ஒரே சீராக வந்தது. முன்பெல்லாம் பாதியில் நின்றுவிடுவோம். மனசு லேசானதுபோல் இருந்தது. அவசரமில்லாமல் கையை வீசி நடந்தேன்.

"இன்னைக்கு மெதுவாவே போகலாம்," என்றேன். "வியாழக்கிழமைதானே. பட்டனுக்கு லீவு, கடையை லேட்டாத்தான் திறக்கணும்."

அவர் பாலத்தின் உச்சி வரைக்கும் வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பும்மா," என்றார். "இன்னைக்கு வெள்ளி. நேத்துதான் வியாழன். நேத்து நீ கடையில தனியாத்தான் இருந்த."

சொல்லிவிட்டு, பாஸ் பண்ணிவிட்டேனா என்று கேட்கிற பையன் மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் மறுபடி வேண்டுமென்றே கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் வேண்டுமென்று கேட்கவில்லை.

அவருடைய கையைச் சுவரிலிருந்து எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். "அப்படித்தாங்க சொல்லணும்," என்றேன். "வெள்ளின்னா அவ வந்து காத்துக்கிட்டு இருப்பா. எட்டி வைங்க."

இரண்டு பேரும் எட்டி வைத்தோம்.